பெயர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்: அறிவியல் ஆலோசனையும் கண்டுபிடிப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் பேர் சொல்லாதவர் தந்த அறிவியல் தகவலை நம்பலாமா?

சொன்னவரை விட்டுவிட்டு, சொன்னதை மட்டும் தனியாகச் சோதிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியும் என்றால் பெயர் தேவையில்லை. முடியாது என்றால் பெயரும் வேண்டும், அவர் எந்த அனுபவத்திலிருந்து பேசுகிறார் என்பதும் தெரிய வேண்டும்.

கணிதச் சான்று முதல் வகை. 1, 2, 3 ஆகியவற்றின் ஆறு வரிசைமாற்றங்களும் (123, 132 என்பது போல) உள்ளே அடங்கிய மிகக் குறுகிய இலக்கச் சரம் 123121321. மொத்தம் 9 இலக்கம். எண்கள் கூடக்கூட இந்தச் சரம் குறைந்தது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதற்கு, 2011-இல் ஒருவர் இணையத்தில் பெயர் போடாமல் ஒரு சான்றை எழுதிவிட்டுப் போனார். ஒரு தொலைக்காட்சித் தொடரின் 14 பகுதிகளை எல்லா வரிசையிலும் பார்த்து முடிக்க மொத்தம் எத்தனை பகுதி பார்க்க வேண்டும் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. குறைந்தது 9,388 கோடி என்று அந்தச் சான்று காட்டியது. 2018-இல் கணிதவியலாளர் மூவர் அதை வரிவரியாகச் சரிபார்த்து முறையான கட்டுரையாக்கினார்கள். பெயர் இல்லாததால் சான்று பொய்யாகவில்லை. ஆனால் எடுத்துப் பார்க்க ஆளில்லாமல் ஏழு ஆண்டுகள் கிடந்தது.

“இந்த அணை இன்னும் இருபது ஆண்டு தாங்கும்”, “இந்த மருந்தைப் பாதியில் நிறுத்தினாலும் ஆபத்தில்லை” என்பவை இரண்டாம் வகை. கேட்பவரால் அந்த நேரத்தில் சோதிக்க முடியாது. சோதனை முடிவு தெரியும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும். இங்கே பெயர் மூன்று வேலை செய்கிறது: சொன்னவருக்கு இதில் பழக்கம் உண்டா என்று காட்டுகிறது, தவறினால் யாரைக் கேட்பது என்று சொல்கிறது, சரியானால் யாருக்குப் பெருமை என்று குறிக்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை, இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் சிக்கல்களைப் பற்றியவைதான்.

நல்ல ஆய்வைச் செய்துவிட்டு ஏன் பெயரை மறைத்தார்கள்?

காரணங்கள் பல. புள்ளியியலில் நாள்தோறும் பயன்படும் டி-சோதனை 1908-இல் “ஸ்டூடன்ட்” என்ற புனைபெயரில் வந்தது. எழுதியவர் வில்லியம் சீலி காசெட், டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்தவர். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட நிறுவனம் அனுமதிக்கவில்லை. இது தொழில் ரகசியம். கணிதவியலாளர் சோஃபி ஜெர்மேன் பெண் என்பதால் பாரிஸ் பாலிடெக்னிக்கில் சேர முடியாதவர். “திருவாளர் லெ பிளாங்க்” என்ற பெயரில் கணித மேதைகள் லக்ராஞ்சுக்கும் காஸுக்கும் எழுதினார். காஸுக்கு உண்மை தெரிந்தது 1807 வாக்கில். இது, பெயரைப் பார்த்ததுமே கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள் என்ற கவலை. ராபர்ட் சேம்பர்ஸ் 1844-இல் உயிரினங்கள் படிப்படியாக மாறிவந்தன என்று எழுதிய நூலில் பெயர் போடவில்லை. அவர் இறந்து 13 ஆண்டு கழித்து, 1884-இல்தான் பெயர் அச்சேறியது. இது சமூக எதிர்ப்புக்கு அஞ்சியது.

மோசமான காரணமும் உண்டு. நுண்கணிதத்தை முதலில் கண்டவர் யார் என்று நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் சண்டை நடந்தபோது, லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1712-இல் ஒரு குழு அமைத்தது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன். குழுவின் அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவரும் அவரே. பிறகு 1715-இல் அந்த அறிக்கைக்குப் பெயரில்லாமல் பாராட்டு மதிப்புரை எழுதியவரும் அவரே. ஆக, பெயர் மறைப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டியது “ஏன் மறைக்கிறார்” என்பது மட்டுமல்ல. இதில் யாருக்கு லாபம், அந்த லாபம் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் கேட்க வேண்டும்.

அனுபவசாலி சொன்னால் கூடுதல் எடை தரலாமா?

எந்தத் துறை அனுபவம் என்பதைப் பார்த்துத்தான். உள்ளுணர்வு கூர்மையாக இரண்டு நிபந்தனை உண்டு என்று உளவியலாளர்கள் டேனியல் கானமன், கேரி கிளைன் இருவரும் 2009-இல் எழுதினார்கள். இந்த விஷயத்தில் எதிரெதிர் முகாமில் இருந்தவர்கள் அவர்கள். ஒன்று, அந்தத் துறையில் நிகழ்வுகள் ஓர் ஒழுங்கில் நடக்க வேண்டும். இரண்டு, செய்தது சரியா தவறா என்ற பதில் விரைவாகவும் தெளிவாகவும் திரும்பி வர வேண்டும். மயக்க மருந்து நிபுணருக்கு நொடிகளில் பதில் கிடைக்கிறது. ஐந்து ஆண்டுக்குப் பின் என்ன நடக்கும் என்று கணிப்பவருக்கு, தான் சொன்னதை மறந்த பிறகுதான் கிடைக்கிறது. இருவரும் முப்பது ஆண்டு அனுபவம் என்று ஒரே மாதிரி எழுதிக்கொள்ளலாம்.

பணியாண்டு கூடினால் தரமும் கூடும் என்பதும் தானாக நடப்பதில்லை. மருத்துவர்களின் பணியாண்டுகளையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 மதிப்பீடுகளை 2005-இல் ஒரு தொகுப்பாய்வு அலசியது. அவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில், பணியாண்டு கூடக்கூட எல்லா அளவுகோலிலும் தரம் குறைந்திருந்தது. கையும் கண்ணும் பழகியிருக்கும், ஆனால் படிப்பு பழையதாகிவிடும்.

எனவே ஆண்டுக்கணக்கைக் கேட்பதைவிட, “இதே மாதிரி எத்தனை முறை கணித்தீர்கள், எத்தனை சரியாக வந்தது, எப்படித் தெரியும்?” என்று கேட்பது பயன் தரும். இதை முறையாகச் செய்யவும் வழி இருக்கிறது. டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் ரோஜர் குக் வகுத்த முறையில், உண்மையான கேள்விக்கு முன் விடை ஏற்கெனவே தெரிந்த பத்துப் பதினைந்து கேள்விகளை நிபுணரிடம் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் மூன்று எண் சொல்ல வேண்டும்: உண்மை இதற்குக் கீழே இருக்க 5 சதவீதமே வாய்ப்பு, சரிபாதி வாய்ப்பு, 95 சதவீத வாய்ப்பு. தன்னை நன்கு அறிந்தவரானால் 20 கேள்வியில் சுமார் 18 விடைகள் அவர் சொன்ன கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இடையே விழும். பலருக்கு அப்படி விழுவதில்லை, ஏனென்றால் இடைவெளியைக் குறுக்கிச் சொன்னால்தான் நிபுணர் போலத் தோன்றும் என்ற கூச்சம். இந்த மதிப்பெண்ணை வைத்தே அவர்களின் பதிலுக்கு எடை போடப்படும். பதவியை வைத்து அல்ல. இங்கே கவனம் தேவைப்படுவது சோதனைக் கேள்விகளைத் தேர்வதில்தான். உண்மைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாத பொது அறிவுக் கேள்விகளை வைத்தால் வினாடி வினா சாம்பியனுக்குத்தான் எடை கூடும்.

நிபுணர் குழுவில் பெரியவர் பேசியதும் மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். என்ன செய்வது?

டெல்ஃபி முறையைப் பாருங்கள். 1950-களில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் உருவானது. குழுவினர் ஒருவர் பதிலை மற்றவர் பார்ப்பார்கள், ஆனால் அது யாருடையது என்று தெரியாது.

செய்யும் விதம் இது. கேள்வியை ஒரே பொருள் தரும்படி எழுதி, சம்பந்தமில்லாத இருவரிடம் கொடுத்து, அவர்கள் ஒரே மாதிரிப் புரிந்துகொள்கிறார்களா என்று பாருங்கள். பத்து முதல் முப்பது பேரைச் சேருங்கள். எல்லோரும் ஒரே ஆசிரியரின் மாணவர்களாக இருந்துவிடக் கூடாது. எத்தனை சதவீதம் ஒத்துப்போனால் “உடன்பாடு” என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். 75 சதவீதம் என்று வைப்பது பரவலான வழக்கம். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் எண்ணும் காரணமும் தருவார்கள். இரண்டாம் சுற்றுக்கு முன் ஒவ்வொருவருக்கும் அவருடைய பழைய பதில், குழுவின் நடு மதிப்பு, நடுப்பாதிப் பதில்கள் அடங்கிய வீச்சு, எல்லாத் தரப்புக் காரணங்களும் போக வேண்டும். இரண்டு முதல் நான்கு சுற்றுகளில் பதில்கள் அசையாமல் நின்றுவிடும்.

தவறு நடப்பது பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர் கையில். ஓரத்தில் நிற்கும் பதிலின் காரணத்தைச் சுருக்குகிறேன் என்று விட்டுவிடுவார், அடுத்த சுற்றில் எல்லோரும் நடுவுக்கு நகர்வார்கள், அறிக்கையில் “உடன்பாடு” என்று வரும். இன்னொன்று, மாற்றுக்கருத்துள்ளவர்கள் சலித்துப்போய் விலகுவது. முதல் சுற்றில் 24 பேர், மூன்றாவதில் 15 பேர் என்றால் கூடிய உடன்பாடு நிஜமாகவே மனம் மாறியதாலா, ஆள் குறைந்ததாலா என்று பிரித்துக் காட்ட வேண்டும். சிறிய துறையில் எழுத்து நடையே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், காரணங்களை ஒருங்கிணைப்பாளர் பொது நடையில் மாற்றி எழுதி, எழுதியவரிடமே காட்டிச் சம்மதம் வாங்கி அனுப்புவது நல்லது. ஒருங்கிணைப்பாளருக்கு எல்லாப் பெயரும் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். இது அரை மறைப்புதான்.

அப்படியென்றால் ஆலோசனைக் குழு உறுப்பினர் பெயர்களையே வெளியிடாமல் விடலாமா?

கூடாது. யார் என்ன சொன்னார் என்பதை மறைக்கலாம். யார் யார் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. கோவிட் தொடக்கத்தில் பிரிட்டன் அரசுக்கு ஆலோசனை சொன்ன அறிவியல் குழுவின் உறுப்பினர் பட்டியல் ரகசியமாக இருந்தது. கண்டனம் வலுத்த பிறகு 2020 மே 4-இல் வெளியிட்டார்கள். பட்டியல் இல்லாதபோது எந்தத் துறைக்கு ஆள் இல்லை, யாருக்கு என்ன வணிகத் தொடர்பு என்று வெளியிலிருந்து யாராலும் கேட்க முடியவில்லை.

லண்டனின் சாத்தம் ஹவுஸ் என்ற பன்னாட்டு உறவு ஆய்வு நிறுவனம் 1927-இல் வகுத்த விதியை இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கூட்டத்தில் கேட்டதை வெளியே பயன்படுத்தலாம். சொன்னவர் யார், எந்த அமைப்பு என்று சொல்லக் கூடாது. எதையுமே வெளியே பேசக் கூடாது என்று அதற்குப் பொருளில்லை. அதுபோல, கூட்டம் முடிந்த பிறகு “இது அந்த விதிப்படி நடந்தது” என்று அறிவிப்பதும் செல்லாது. முதல் வாக்கியம் பேசப்படும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கட்டுரையை மதிப்பிடுபவர் பெயர் ஏன் மறைவாக இருக்கிறது?

பெரிய மனிதருக்கும் “இது தவறு” என்று சொல்ல முடிவதற்காக. 1936-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று வாதிடும் கட்டுரையை ‘ஃபிசிக்கல் ரிவியூ’வுக்கு அனுப்பினார்கள். பெயர் தெரியாத ஒருவர் பத்துப் பக்கத்துக்குப் பிழையைச் சுட்டி எழுதினார். அச்சிடும் முன் மற்றவரிடம் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று ஐன்ஸ்டைன் கோபித்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பிறகு முடிவு திருத்தப்பட்டு 1937-இல் வேறு இதழில் வந்தது. மதிப்பிட்டவர் ஹெச். பி. ராபர்ட்சன் என்பது 2005-இல்தான் உறுதியானது. இதில் ரசமான பகுதி, அதே ராபர்ட்சன்தான் பின்னர் ஐன்ஸ்டைனின் உதவியாளரிடம் நேரில் பேசிப் பிழையைப் புரியவைத்தார், தான் யார் என்று காட்டிக்கொள்ளாமலே.

மறைவில் இருந்துகொண்டு அலட்சியமாகவோ வன்மமாகவோ எழுதுவதும் நடக்கிறது. அதனால் சில இதழ்கள் மதிப்பீட்டு அறிக்கையை மட்டும் வெளியிட்டுப் பெயரை மறைத்து வைக்கின்றன. எங்கள் கணிப்பில் இதுவே நடைமுறைக்கு ஒத்த நடுவழி.

ஆசிரியர் பெயரையும் சேர்த்து மறைத்தால் வித்தியாசம் தெரிகிறதா?

நன்றாகத் தெரிகிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே பொருளாதாரக் கட்டுரையை மூன்று விதமாக அனுப்பினார்கள். நோபல் பரிசு பெற்றவர் பெயரோடு போனபோது நிராகரிக்கச் சொன்னவர்கள் 23 சதவீதம். பெயரே இல்லாமல் போனபோது 48. அவருடைய இளைய, அதிகம் அறியப்படாத கூட்டாசிரியர் பெயர் மட்டும் இருந்தபோது 65. கட்டுரையில் ஒரு வரிகூட மாறவில்லை.

1982-இலேயே பீட்டர்ஸ், சேசி இருவரும் ஏற்கெனவே அச்சான 12 உளவியல் கட்டுரைகளை, பெயரையும் நிறுவனத்தையும் மாற்றி, வெளியிட்ட அதே இதழ்களுக்கு மறுபடி அனுப்பிப் பார்த்தார்கள். மூன்றைத்தான் பழையவை என்று இதழ்கள் கண்டுபிடித்தன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. காரணம் பெரும்பாலும் “முறையியலில் பெரும் குறை”.

இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பீட்டுக்கு என் கட்டுரையை எப்படித் தயார் செய்வது?

தலைப்புப் பக்கத்தில் பெயரை எடுப்பது பத்தில் ஒரு பங்கு வேலைதான். கசிவு மற்ற இடங்களில் இருக்கிறது.

சொந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது “எங்கள் முந்தைய ஆய்வில்” என்று எழுதாதீர்கள். வேறொருவர் செய்தது போலப் படர்க்கையில் எழுதுங்கள். மேற்கோளையே நீக்கிவிடுவது பெரிய தவறு. இன்றியமையாத முன்னாய்வு விடுபட்டிருக்கிறதே என்று மதிப்பீட்டாளர் எழுதுவார், அல்லது விடுபட்டதை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பார். நன்றியுரை, நிதி எண், நெறிமுறைக் குழுவின் பெயர், தரவு திரட்டிய மருத்துவமனை அல்லது நிலையத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் “மதிப்பீட்டுக்காக நீக்கப்பட்டது” என்று போடுங்கள். வேர்டு கோப்பில் “ஆவணத்தைப் பரிசோதி” என்ற கருவியை ஓட்டி, திருத்தக் குறிப்புகளில் உள்ள பெயர்களையும் ஆசிரியர் புலத்தையும் அழியுங்கள். அதன்பின் பிடிஎஃப் ஆக்கி, அதன் பண்புகளைத் திறந்து மறுபடி பாருங்கள். கணினியின் பயனர் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். கோப்பின் பெயரில் உங்கள் குடும்பப் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், சிரிப்பதற்கில்லை, அடிக்கடி நடக்கிறது. நிரலை இணைத்தால் அதன் மாற்ற வரலாற்றில் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவர் மின்னஞ்சல் இருக்கும். வரலாறு இல்லாத புதிய பிரதியை மட்டும் தாருங்கள்.

கட்டுரையின் முன்பதிப்பை (மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் போடும் பிரதியை) அதே தலைப்பில் ஏற்கெனவே வெளியிட்டிருந்தால் தேடுபவர் கண்ணில் படும். தலைப்பை மாற்றுவது ஓரளவு உதவும். முழு மறைப்பு சாத்தியமில்லை என்றாலும் பயனில்லை என்று ஆகாது: மூன்று கணினியியல் மாநாடுகளில் அளந்தபோது, 74 முதல் 90 சதவீத மதிப்பீடுகளில் ஆசிரியரைப் பற்றிய சரியான ஊகம் ஒன்றுகூட இல்லை.

யார் ஆசிரியர், யாருக்கு நன்றியுரை?

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது, நான்கும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: ஆய்வின் திட்டத்திலோ தரவு திரட்டலிலோ அலசலிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியது அல்லது உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எந்தக் கேள்வி எழுந்தாலும் பதில் சொல்லும் பொறுப்பு. நிதி வாங்கித் தந்ததோ, துறைத் தலைவராக இருப்பதோ, கருவியை இரவல் தந்ததோ மட்டும் போதாது.

இந்த விதியைத் திருகுவதும் உண்டு. லேப் டெக்னீஷியன் ஆறு மாதம் சோதனை செய்திருப்பார். எழுதும் கட்டத்தில் அவரைக் கூப்பிடாமல் விட்டுவிட்டு, “இரண்டாவது நிபந்தனை நிறைவேறவில்லையே” என்பார்கள். முதல் நிபந்தனையை நிறைவேற்றிய எவருக்கும் எழுதவும் திருத்தவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே விதிமுறை தெளிவாகச் சொல்கிறது.

கைத்திறன் பெயரில்லாமல் போன கதைகள் ஏராளம். பிறவி இதயக் குறையால் நீலம் பாரித்த குழந்தைகளுக்கான அறுவை 1944 நவம்பர் 29-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதலில் நடந்தது. அதை நாய்களில் செய்து பழகி, அறுவை அரங்கில் மருத்துவர் பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு தையலுக்கும் யோசனை சொன்னவர் விவியன் தாமஸ், கல்லூரிப் பட்டம் இல்லாத கறுப்பின டெக்னீஷியன். 1945 கட்டுரையில் அவர் பெயர் இல்லை. கௌரவ டாக்டர் பட்டம் 1976-இல் வந்தது. பாரிஸில் மார்த்தா கோத்தியே, டவுன் நோய்க்குறியில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதைக் காட்டிய செல் வளர்ப்பைத் தன் கையால் நிறுவியவர். 1959 கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவதாக, எழுத்துப் பிழையோடு வந்தது.

இப்போது பல இதழ்கள் “கிரெடிட்” என்ற 14 பங்குகளின் பட்டியலைக் கேட்கின்றன: கருத்தாக்கம், முறையியல், மென்பொருள், சோதனை, தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, மேற்பார்வை என்று போகும். இதைக் கடைசி நாளில் ஒருவரே உட்கார்ந்து நிரப்புவதுதான் வழக்கமான கோளாறு. திட்டம் தொடங்கும் வாரத்தில் ஒரு பக்கத்தில் எழுதி, ஆள் சேரும்போதும் விலகும்போதும் திருத்திக்கொண்டே வாருங்கள்.

நன்றியுரையில் பெயர் போடுவதற்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெயர் வந்தால் அவர் முடிவுகளை ஏற்கிறார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

மரியாதைக்காகப் பெரியவர் பெயரைச் சேர்த்தால் என்ன கெட்டுப்போகும்?

இரண்டு பக்கமும் கெடும். கும்பலோடு கோவிந்தா போட்டவரும் தரவு பொய் என்று தெரியவந்தால் பதில் சொல்ல வேண்டும். உழைத்த இளையவரின் பங்கு மறைந்தும் போகும். 1948-இல் ரால்ஃப் ஆல்ஃபரின் முனைவர் பட்ட ஆய்வை வைத்து வந்த கட்டுரையில், ஆல்ஃபா பீட்டா காமா என்று ஒலிக்கட்டுமே என்று அவருடைய ஆசிரியர் காமோ, பங்கே இல்லாத ஹான்ஸ் பெத்தேயைச் சேர்த்தார். இரண்டு புகழ்பெற்ற பெயர்களுக்கு நடுவே மாணவரை யார் கவனிப்பார்கள்? ஆல்ஃபருக்கு அந்த வருத்தம் நெடுநாள் இருந்தது. (1975-இல் ஓர் இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரை முழுதும் “நாங்கள்” என்று தட்டச்சாகிவிட்டதால், மறுபடி அடிக்கச் சோம்பி, தன் பூனையைக் கூட்டாசிரியராக்கினார். அதனால் யாருக்கும் நட்டமில்லை.)

நான் சொன்ன யோசனை என் பெயரில்லாமல் கட்டுரையாக வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் பங்கின் அளவை நேர்மையாக எடை போடுங்கள். தேநீர் நேரத்தில் “இதை வெப்பநிலை மாற்றிச் செய்து பாருங்களேன்” என்றது நன்றியுரைக்குரியது. எந்த மாறியை, எப்படி, ஏன் என்று வடிவமைத்து, முடிவை எப்படிப் படிப்பது என்றும் சொல்லியிருந்தால் அது ஆசிரியர் உரிமைக்கான வாதம்.

பிறகு ஆதாரம்: தேதியிட்ட மின்னஞ்சல், பக்க எண்ணுள்ள ஆய்வகக் குறிப்பேடு, கோப்புகளின் பழைய பதிப்புகள், உடனிருந்தவர்கள். தொடர்பு ஆசிரியருக்கு (கட்டுரை பற்றிய கடிதங்களுக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு) ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். குற்றச்சாட்டு வேண்டாம், என்ன நடந்தது, எந்தத் திருத்தம் வேண்டும் என்பது மட்டும் போதும். “நியாயம் வேண்டும்” என்று எழுதினால் பதில் வராது. “பங்களிப்புக் குறிப்பில் முறையியல் என்பதில் என் பெயர் சேர வேண்டும்” என்றால் அவர்களால் செய்ய முடியும். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் அவர்களின் நிறுவனத்தில் ஆய்வு நேர்மைக்குப் பொறுப்பானவரிடம் போங்கள். இதழாசிரியருக்கு நேராக எழுதிப் பயன் குறைவு; யார் என்ன செய்தார் என்று விசாரிக்கும் வசதி அவரிடம் இல்லை, நிறுவனத்தையே கேட்பார்.

பெயரை வெளியிடாமலே நான்தான் முதலில் கண்டேன் என்று பின்னால் நிரூபிக்க முடியுமா?

முடியும், பழைய வழக்கமும்கூட. 1610-இல் கலிலியோ சனிக்கோளைப் பற்றிய தன் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அனுப்பினார். கெப்ளர் அதை அடுக்கிப் பார்த்து, செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள் என்று படித்துவிட்டார். (செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள் இருப்பது 1877-இல் தெரியவந்தது. தவறான வாசிப்பு, சரியான விடை.) எழுத்தைக் கலைத்தால் இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பதே அந்த முறையின் ஓட்டை.

இன்று ஹாஷ் அந்த வேலையைச் செய்கிறது: ஒரு கோப்பிலிருந்து கணினி கணக்கிடும் குறிவரிசை அது; அதிலிருந்து உரையை மீட்க முடியாது, உரையில் ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். கண்டுபிடிப்பை முழு வாக்கியங்களில் எழுதுங்கள். அதற்குள்ளேயே உங்கள் பெயரையோ பொதுச் சாவியையோ (உங்களுடையது என்று பின்னால் நிரூபிக்கக் கூடிய மின்குறியையோ) சேருங்கள், இல்லையென்றால் உங்கள் ஹாஷை எடுத்து இன்னொருவர் தன்னுடையது என்று சொல்லலாம். கடைசியில் தற்செயலாக உருவாக்கிய 32 எழுத்துகளை ஒட்டுங்கள். இது ஏன் என்றால், “காரணமான மரபணு இன்னது” என்ற சிறு வாக்கியத்தை மட்டும் ஹாஷ் செய்தால், மனிதரின் ஏறக்குறைய 20,000 புரத மரபணுக்களின் பெயரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து யாரும் நொடியில் உடைத்துவிடுவார்கள். கோப்பை எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் முறை வழியே ஓட்டினால் 64 குறிகள் கிடைக்கும். அதைத் தேதி மாற்ற முடியாத பொதுவிடத்தில் வெளியிடுங்கள். மூலக் கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள், திறந்து மறுபடி சேமிக்காதீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. “கொ” என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். எனவே வாக்கியத்தைப் பிறகு புதிதாகத் தட்டச்சு செய்து நிரூபித்துவிடலாம் என்று நம்பாதீர்கள், அந்தக் கோப்பே வேண்டும்.

ஹாஷ் காட்டுவது, அன்றைக்கு இந்த உரை உங்களிடம் இருந்தது என்பதை மட்டுமே. எதிரெதிரான பத்து முடிவுகளுக்குப் பத்து ஹாஷ் போட்டு, பலித்ததை மட்டும் திறந்துகாட்டும் தந்திரமும் உண்டு. அதனால் ஹாஷைக் காட்டி உரிமை கோருபவரிடம், மற்ற ஹாஷ்களையும் திறக்கச் சொல்லிக் கேட்பது நியாயமே.

பெயர் தெரியாதவரை மேற்கோள் காட்டுவது எப்படி?

விட்டுவிடுவதுதான் ஒரே தவறான வழி. மேலே சொன்ன சரத்தின் கட்டுரையில், பெயர் தெரியாத அந்தப் பதிவரையே முதல் ஆசிரியராகப் போட்டார்கள். ஃபோல்டிட் என்ற புரத மடிப்பு விளையாட்டை ஆடியவர்களை 2010-இல் ‘நேச்சர்’ கட்டுரை “ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள்” என்று ஆசிரியர் பட்டியலில் சேர்த்தது. மதிப்பீட்டாளர் எளிய சான்று ஒன்றைத் தந்தால், அந்த இடத்திலேயே “இச்சான்று ஒரு மதிப்பீட்டாளர் தந்தது” என்று எழுதுங்கள். பெயர் வெளியிட அவருக்கு விருப்பமா என்று இதழாசிரியர் மூலம் கேட்கவும் செய்யலாம். நமக்கு இது புதிதுமல்ல. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், பெயர் தெரியாத புலவர்களுக்குப் பாட்டில் வந்த தொடரையே பெயராக வைத்தார்கள்: செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார்.

பேச்சில் கிடைத்த தகவலானால் பெயர், தேதி, நேரிலா கடிதத்திலா என்பதைக் குறித்து, எழுத்தில் சம்மதம் வாங்கி, “தனிப்பட்ட தகவல்” என்று போடுங்கள்.

படிப்பில்லாத அனுபவ அறிவிலிருந்து கண்டுபிடிப்பு வந்தால்?

பெரும்பாலும் பெயர் போகும் இடம் இதுதான். 1721-இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது கைகொடுத்த அம்மைப்பால் குத்தும் முறையை அதற்கு முன்பே சொல்லியிருந்தவர் ஒனேசிமஸ், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை. தனக்கே குத்தப்பட்ட தழும்பைக் காட்டித் தன் எஜமானர் மேதரிடம் விளக்கினார். மருத்துவர் பாயில்ஸ்டன் 240-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குத்தினார், இறந்தவர் 6. இயல்பாக நோய் கண்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இறந்தார்கள். புகழ் நெடுங்காலம் மற்ற இருவருக்கே போனது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1987-இல் அகத்தியமலைக் காடுகளில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், ஒரு செடியின் காயைத் தின்று களைப்பில்லாமல் நடந்தார்கள். அதிலிருந்து கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிலையம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கு ஒரு நிறுவனத்திடம் தந்தது. கட்டணத்திலும் பங்குத் தொகையிலும் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. சிக்கல் பணத்தைவிடப் பிரதிநிதித்துவத்தில் இருந்தது: காணிக் குடியிருப்புகள் பல, அறிவைத் தந்தவர்கள் சிலர், யார் யாருக்காகப் பேசுவது? இத்தகைய பங்கீட்டை 2010-இன் நகோயா நெறிமுறை பன்னாட்டுச் சட்டமாக்கியது. நடைமுறையில் செய்ய வேண்டியது, மாதிரி எடுக்கும் முன்பே சம்மதத்தை அவர்கள் மொழியில் வாங்குவது. தனியாளின் பெயர் வேண்டுமா, சமூகத்தின் பெயர் போதுமா என்று அவர்களிடமே கேட்பது. சிலர் பெயர் வேண்டாம் என்பார்கள், செடி இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டாம் என்பார்கள். அதுவும் உரிமைதான்.

ஒரு கட்டுரையில் மோசடி தெரிகிறது. மொட்டைக் கடிதம் எழுதினால் எடுபடுமா?

தானாகவே சோதிக்கக் கூடியதாக எழுதினால் எடுபடும். “மூன்றாம் படத்தின் இரண்டாம் கட்டத்தில் இடது பட்டை, ஐந்தாம் படத்தில் 180 பாகை திருப்பி வந்திருக்கிறது” என்பது போதும். “இவர் எப்போதும் இப்படித்தான்” என்று ஒரு வரி சேர்த்தால் கடிதம் குப்பைக்குப் போக அதுவே சாக்கு. நோக்கத்தைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

இதழாசிரியருக்கும் நிறுவனத்தின் ஆய்வு நேர்மை அலுவலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். புதிதாகத் திறந்த ஒரே முகவரியிலிருந்து அனுப்பி, அதைத் தொடர்ந்து பாருங்கள். திருப்பிக் கேள்வி கேட்க வழியில்லாத புகார் அங்கேயே நின்றுவிடும். உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரிந்த விவரம் எதையும் சேர்க்கும் முன் யோசியுங்கள். கசிவு மின்னஞ்சலில் இருப்பதைவிட அதில்தான் அதிகம். வண்ண லேசர் பிரிண்டர்கள் பலவும் தாளில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் இயந்திர எண்ணையும் நேரத்தையும் பதிக்கும் என்பதால் அலுவலக அச்சு வேண்டாம். விசாரணை மாதக்கணக்கில் போகும். முடிவை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

காப்புரிமையில் கண்டுபிடித்தவர் பெயரை மறைக்கலாமா?

பதிவேட்டுக்குப் பெயர் கொடுத்தே ஆக வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி, வெளியிடும் ஆவணத்தில் தன் பெயர் வேண்டாம் என்று கண்டுபிடிப்பாளர் எழுதித் தரலாம். அமெரிக்காவில் உண்மையான கூட்டுக் கண்டுபிடிப்பாளரை விட்டுவிட்டால், திருத்தாதவரை காப்புரிமையே செல்லாது போகலாம். மரியாதைக்கு ஒருவரைச் சேர்ப்பதும் அதே அளவு ஆபத்து. பெயரில்லாமல் இணையத்தில் போட்டதும் வெளியீடுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் அதன்பின் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் பொதுவாக அன்றே புதுமை போய்விடும்.

ஏஐ கருவியை ஆசிரியராகப் போடலாமா?

கூடாது. பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதால் 2023 முதல் முக்கிய இதழ் அமைப்புகள் மறுத்துவிட்டன. எந்தக் கருவியை எந்த வேலைக்குப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். அது தந்த பிழைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.